துளசிமணியின் முடியாத மண்டலம்

எங்கள் ஊரில் பெண்கள் காரணமில்லாமல் நடக்கக் கூடாது. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனால் கையில் ஒரு தூக்குப்போசியோ பையோ இல்லாமல் ஒருத்தி கிணத்துக்கடவு ரோட்டில் போனால், எதிரே வருகிறவர் நிறுத்தி விசாரிக்காமல் விடமாட்டார். அத்தனை மரியாதையான ஊர். மரியாதையாலேயே ஒருத்திக்கு எடை கூடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவள்தான் துளசிமணி.

1996-இல் அவளுக்கு இருபத்தெட்டு வயது. தொண்டாமுத்தூரில் பிறந்தவள். தேங்காய் வியாபாரி நஞ்சுண்டனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. நான் தபால் ஆபீசில் ஸ்டாம்பு விற்றுக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்கு என் வீடு எதிர்வீடு.

அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. நாலு மாதம், ஐந்து மாதம் என்று தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனால் டாக்டரிடம் போக வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அவள் மாமியார் பூவாத்தாளுக்குப் பலகாரம் சுடத்தான் தோன்றும். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று மூன்று தடவை தெரு முழுக்கக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தார். மூன்று தடவையும் நாங்கள் தின்றுவிட்டு வாழ்த்தினோம். பிறகு விஷயம் தெரிந்ததும் மூன்று தடவையும் போய்த் துக்கம் விசாரித்தோம். இல்லாத பிள்ளைக்குத் துக்கம் கேட்ட தெரு வேறெங்கும் இருக்காது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது தடவை முடிந்த மறுநாள் அவள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கொழந்தை பொறக்கறது அப்பறம் இருக்கட்டுமுங்க. மாசா மாசம் அது வர்ற தேதிக்கு வந்தாப் போதும். என்ற ஒடம்பைப் பாத்து இன்னொருத்தர் அடுப்புப் பத்த வெக்கக் கூடாது."

கோயமுத்தூரில் உம்மல் குல்சும் என்ற பெண் டாக்டரிடம் அவளை நான்தான் கூட்டிப் போனேன். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை, நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்றார். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சர்க்கரையும் மைதாவும் கூடாது. அரிசிச்சோற்றைக் குறைத்துக்கொண்டு கம்பு, ராகி, கொள்ளு, கீரை சாப்பிட வேண்டும். வேளைக்குச் சாப்பிட்டு நேரத்தோடு படுக்க வேண்டும். மூன்று மாதத்தில் தானாக வருகிறதா பார்ப்போம், வராவிட்டால் மாத்திரை இருக்கிறது, அதிலும் தப்பொன்றுமில்லை என்றார். தானாகத்தான் வர வேண்டும் என்று துளசிமணி பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். சித்திரை பதினைந்தாம் தேதி, விடிகாலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினாள்.

நூறு அடி போவதற்குள் முதல் ஆள் மறித்தார். எங்கே போகிறாய் என்ற கேள்விக்குச் சும்மா நடக்கிறேன் என்று அவள் உண்மையைச் சொன்னாள். சும்மா நடக்கிற பெண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை. பாவம், என்ன கஷ்டமோ என்று வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, மூன்று கரண்டி சர்க்கரை போட்ட காப்பியும் ஒரு தட்டு முறுக்கும் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவா முடியும்? "எங்கூட்டுத் தண்ணி ஆகாதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அதற்குப் பதில் இந்தச் சீமையிலேயே கிடையாது. அன்றைக்கு மட்டும் ஏழு வீடு, ஏழு காப்பி. எட்டாவதாக என் மொபெட் வந்தது. நடக்கத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்திருந்தும், பழக்கதோஷம், அவளை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, நஞ்சுண்டன் கொப்பரை எடை போடும் தராசில் ஏறி நின்று பார்த்தாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தொண்டாமுத்தூரிலிருந்து அவள் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் சமாதானம் பேச இறங்கினார்கள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தினமும் விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், ஊர்க்காரர்கள்தான் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அங்கே செய்தி போயிருந்தது. சண்டையே இல்லை என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். நல்ல குடும்பம், வெளியே சொல்லாமல் மூடி மறைக்கிறார்கள் என்று வந்தவர்கள் இன்னும் நெகிழ்ந்துபோனார்கள். கடைசியில் நஞ்சுண்டன், என்ன தப்பென்று தெரியாமலேயே, இனிமேல் செய்யமாட்டேன் என்று பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தார். எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார்கள். துளசிமணிக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

அன்று அவள் அழுதாள். மறுநாள் காலை பச்சைச் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, காப்புக் கட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். முருகன் கனவில் வந்தாராம். இரண்டு மண்டலம், தொண்ணூற்றாறு நாள், தினமும் விடிகாலையில் பொன்மலை அடிவாரம் வரை நடந்து வந்து கும்பிடச் சொன்னாராம். விரதம் முடியும்வரை யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாதாம். சர்க்கரையும் மைதாவும் ஆகாதாம். கம்பும் கொள்ளும் கீரையும்தான் பிரதானமாம். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் பத்து மணிக்குள் படுத்துவிட வேண்டுமாம். முருகன் இவ்வளவு விவரமாகப் பேசுவார் என்று பூவாத்தாள் நினைத்ததே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, கம்பு இடிக்க உட்கார்ந்துவிட்டார்.

கோயில் பூசாரி மட்டும் தயங்கினார். பெண்களுக்கு மண்டலக் காப்புக் கட்டும் வழக்கம் இல்லை, நடுவில் விலக்கு வந்தால் காப்பை அவிழ்த்துவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவும் அதையே கேட்டார். வராதுங்க என்று துளசிமணி சொன்னாள், பூசாரி காப்பைக் கட்டிவிட்டார். அந்த ஒரு பதிலில் இருந்த உண்மையும் வருத்தமும் எனக்கு மட்டுமே தெரியும்.

அதற்குப் பிறகு யார் மறிப்பார்கள்? காப்பிக்குக் கூப்பிட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கினார்கள். அவள் வேகவேகமாக நடந்தாள், வியர்வை கொட்டியது. ஒரு மாதத்தில் கொப்பரைத் தராசு இரண்டு கிலோ இறங்கிக் காட்டியது.

வம்பு நாற்பதாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது. நாற்பது நாளாகியும் விலக்கு வரவில்லையே என்று பங்காரம்மா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். விரதம் கெடக் கூடாதென்று முருகனே நிறுத்தி வைத்திருக்கிறார் என்று முடிவுக்கு வந்தார். எந்த நோய்க்காக அவள் நடந்தாளோ அந்த நோயே ஊருக்கு அற்புதமாகிவிட்டது. கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். மாரியம்மன் நோன்புக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்க வேண்டியவர்கள் வந்தார்கள். பதினேழாம் தேதி வரை எனக்கு வராமல் இருக்க வேண்டும், உங்கள் கையால் திருநீறு கொடுங்கள் என்று வரிசையில் நின்றார்கள். தனக்கு வர வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவள், அடுத்தவர்களுக்கு வரக் கூடாதென்று திருநீறு கொடுத்தாள். ஒருத்திக்கும் பலிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைச் சொல்ல யாருக்கும் வாயில்லை.

எழுபதாம் நாளில் அவள் பின்னால் நாற்பது பேர் நடந்தார்கள், முன்னால் இருவர் மேளம் அடித்தார்கள். வேகமாக நடக்க முடியவில்லை என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

எண்பத்து மூன்றாம் நாள் நானும் கூட்டத்தில் இருந்தேன். அடிவாரத்துக்குக் கொஞ்ச தூரம் முன்பு அவள் சட்டென்று நின்றாள். மேளம் நின்றது. அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். மறைத்திருக்கலாம். நாலடி நடந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவள் மறைக்கவில்லை.

"வந்துருச்சுங்க அக்கா," என்றாள், நாற்பது பேருக்கும் கேட்கும்படி. "தானா வந்துருச்சு."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பூவாத்தாள் தலையில் கைவைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். துளசிமணி காப்பை அவிழ்த்து ஒரு வேலிச் செடியில் கட்டினாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் பக்கத்தில் இருந்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் யாரும் அவளை மறிக்கவில்லை, வீட்டுக்குள் கூப்பிடவில்லை. அன்று அவள் நடந்த வேகத்துக்கு என் மொபெட்டே திணறியிருக்கும்.

டாக்டர் எடை பார்த்துவிட்டு, ஆறு கிலோ குறைந்திருக்கிறது, நல்லது என்றார். இது ஒரேயடியாகத் தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை, விட்டால் திரும்பி வரும், இப்படியே சாப்பிட்டு இப்படியே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். எப்போதும்தான் என்றார். அவ்வளவு நாளைக்கு எந்தச் சாமி உத்தரவு கொடுக்கும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. துளசிமணிக்குக் கவலையே இல்லை. ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு பூசாரி முன்னால் போய் நின்றாள்.

"தடைப்பட்டுப் போச்சுங்க. மொதல்ல இருந்து கட்டி உடுங்க."

அவர் கட்டிவிட்டார். நாற்பத்தொன்றாம் நாள் மறுபடியும் தடைப்பட்டது. மறுபடியும் கட்டிவிட்டார். அடுத்தது முப்பத்தாறாம் நாள். அப்புறம் முப்பத்து மூன்று. தொண்ணூற்றாறு நாள் முடிகிற வழியே இல்லை. மேளக்காரர்கள் எப்போதோ விலகிவிட்டார்கள், கூட்டமும் கலைந்துவிட்டது. அதிர்ஷ்டம் கெட்டவள், சாமி ஏனோ இவளை ஏற்கமாட்டேன் என்கிறது என்று ஊர் பரிதாபப்பட்டது. பரிதாபப்பட்டதே தவிர, விரதக்காரிக்குக் காப்பி கொடுக்கத் துணியவில்லை. பூவாத்தாளும் அதற்குப் பிறகு கச்சாயம் சுடவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் அவள் தபால் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். பின்னால் வரிசையில் நின்றிருந்த பங்காரம்மா, இந்தத் தடவையாவது மண்டலம் முடியுமா கண்ணு என்று அக்கறையாகக் கேட்டார். துளசிமணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். வெறும் மணிக்கட்டை எனக்குத் தெரியும்படி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"எங்கீங்க அக்கா," என்றாள். "இருவத்தொம்பதே நாள்ல தடைப்பட்டுருச்சுங்க."