கதவில் வரைந்த முறுக்கு

யுத்த காலத்தில் ஆவடியில் எழும்பிய பட்டாளக் கிடங்கு ஒன்றில் நான் குமாஸ்தா. என் இங்கிலீஷ் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிழைகளும் அதே அழகோடு இருக்கும்.

லாரி உதிரிச் சாமான்கள் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகளில் கிடந்தன. எது எந்தக் கொட்டகையில் என்று அட்டைகளில் எழுதி ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கி வைப்போம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அலமாரியின் சாவி ஹெட் கிளார்க்கின் இடுப்பில். அவர் சாப்பிடப் போனால் கிடங்குக்கே ஞாபகம் போய்விடும். வந்த லாரிகள் வெயிலில் நிற்கும். கூலியாட்கள் கொட்டகை கொட்டகையாகத் தேடுவார்கள். திட்டு மட்டும் எனக்கு வரும்.

"இன்னா நைனா, ஒரு ஸ்பிரிங்குக்கு ஒரு பொழுதா? நீ குமாஸ்தாவா, குந்திகினு கீற பொம்மையா?" என்றார் ஒரு டிரைவர்.

ரோஷம் வந்தால்தான் என் மூளை வேலை செய்யும். மற்ற நாளெல்லாம் அதற்கு லீவு. அட்டைகளை எழுதுகிறவனே நான்தானே? ஒரு டப்பா தாரை எடுத்துக்கொண்டு போய், உள்ளே என்ன இருக்கிறதோ அதைக் கொட்டகைக் கதவிலேயே வரைந்துவிட்டேன். கூலியாட்களில் பலருக்கு எழுத்து தெரியாது. எனக்குப் படம் வராது. ஸ்பிரிங் முறுக்காக வந்தது. பற்சக்கரம் பலாப்பழமாக வந்தது. கிடங்கு முழுக்க "முறுக்குக் கொட்டகை", "பலாப்பழக் கொட்டகை" என்றே பேச்சு. ஆனால் லாரிகள் வந்த வேகத்தில் திரும்பின.

ஹெட் கிளார்க்கைத் தேடி ஒருவரும் வரவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"யாரைக் கேட்டுய்யா கிறுக்கினே? எதிரி பார்த்தா என்ன ஆகும்?"

"பட்சணக் கடைன்னு நினைச்சுப் போயிடுவான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "இப்பவே அழி. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

சேக்காட்டில் என் சம்பளத்தை நம்பி ஒரு வீடே இருந்தது. அழித்துவிடு என்று வயிறு கெஞ்சியது. அப்படிக் கெஞ்சும்போதெல்லாம் கேட்டுப் பழகியவன்தான் நான். அன்றைக்கு ஏனோ வாய் முந்திக்கொண்டது.

"அட்டையெல்லாம் உங்க அலமாரியிலேயே இருக்கட்டும் சார். கதவிலே இருக்கிறது எல்லாருக்கும். நான் அழிக்க மாட்டேன்."

"நீங்களாவது அழிங்கடா" என்று அவர் கூலியாட்கள் பக்கம் திரும்பினார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நாங்க படிக்காதவங்க சாமி. எது படம், எது அழுக்குன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியோடு ஹெட் கிளார்க்கே தேய்த்தார். தார் பரவி, கதவுகளெல்லாம் கறுப்பாயின. என் கணக்கையும் அன்றே தீர்த்துவிட்டார்.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு லாரி காலியாகவே திரும்பி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அண்ணாத்தே, ரேடியேட்டர் எங்க கீது? ஹெட் கிளார்க்கு சாப்பிடப் போயிட்டாராம்."

"வேலை போனவன் கிடங்கு விஷயம் பேசக் கூடாது" என்று அதட்டினான் கேட் காவல்காரன்.

"கிணத்தை ஒட்டின கொட்டகை, உள்ளே போனதும் இடது கைப் பக்கம்!" என்று ஆபீஸ் ஜன்னலுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

பின்னால் இன்னொரு லாரி வந்தது. அதற்கும் சொன்னேன்.