மூன்றாவது பெட்டி

இருபது நிமிடம் ஆனதும் எழுந்து நின்றுவிட்டார். டி.வி.யில் படம் ஓடினால் எதிர்வீட்டு சினிமா ஆபரேட்டருக்கு உட்காரத் தெரியாது. முப்பது வருடம் இருபது நிமிடத்துக்கொரு ரீல் மாற்றிய கால்கள். தியேட்டர் கார் ஷோரூமாகிப் பல காலமாகிறது. “நான் பாட்டுக்கு நிக்கிறேன், உங்களுக்கு மறைக்குதா?” என்பார். மறைக்கும்.

அந்த ஞாயிறு மதியம் அவர் வீட்டு டி.வி.யில் ஓடியது, அவர் தியேட்டரில் ஓட்டிய விண்வெளிப் படம். மற்ற ஊர்களில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கதாநாயகன் செவ்வாய்க்குப் போய்ச் செத்துப்போவான், அவ்வளவுதான் கதை. எங்கள் ஊரில், முதல் காட்சியிலேயே, ஆபரேட்டர் மூன்றாவது ரீல் பெட்டியை மறந்து நான்காவதை ஓட்டிவிட்டார். விட்டுப்போனதைக் கடைசியில் சேர்த்தார். அதில் இருந்தது கல்யாணம். செவ்வாயில் செத்தவன் மாலையும் கழுத்துமாக வந்து நின்றான். அங்கிருப்பவர்கள் உயிர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று ஜனங்கள் விசிலடித்தார்கள். முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்து, “நாளைக்கும் இதே தப்பைப் பண்ணுய்யா” என்றார். நூறு நாள் பண்ணினார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் காலம் வளைவதைப் பற்றிப் பத்திரிகையில் மூன்று வாரம் எழுதினார். நூறாவது நாள் விழாவில் படத்தைப் பார்த்த டைரக்டர் பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். கேடயத்தைக் கையில் கொடுத்ததும், “நான் நினைச்சதே இதுதான்” என்றார்.

இதையெல்லாம் என்னிடம் சொன்னவர் மனைவியிடம் மட்டும் சொன்னதில்லை. அந்த அம்மாள் படத்தைப் பதினொரு முறை பார்த்தவர். “செத்தவனையே திருப்பிக் கொண்டாந்த படத்தை ஓட்டுறவரு, நம்மளக் கைவிடவா போறாருன்னுதான் கட்டிக்கிட்டேன்” என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே, மனைவி டி.வி. முன் உட்காராமல் இருக்க, ஆபரேட்டர் தவித்தார். “கரண்டு போயிடுமாம்” என்றார். “உங்க அக்கா வீட்டுக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?” என்றார். ஒன்றும் எடுபடவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

நாற்பதாவது நிமிடத்திலேயே கல்யாணம் வந்துவிட்டது. “என்னங்க, இப்பவே காட்டுறான்?” என்றார் அம்மாள். ஆபரேட்டர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

ஐந்தரை மணிக்குக் கதாநாயகன் செத்தான். அம்மாள் காத்திருந்தார். பெயர்கள் ஓடின, சோப்பு விளம்பரம் வந்தது. அவர் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

“செத்தே போயிட்டானா?”

“மாத்தி ஓட்டிட்டான், மடையன்! இப்பவே கேக்குறேன்” என்று ஆபரேட்டர் போனை எடுத்தார். சேனலின் நம்பர் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

அம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, அவரிடம் நீட்டினார்.