தேவகி சொல்லச் சொல்ல நான் எழுதிய பரீட்சைகள்

பரீட்சையில் அடுத்தவருக்காக எழுதிக் கொடுக்கும் வேலையில் கை நம்முடையது, மூளை அவருடையது. பயம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. மூன்று மணி நேரம் மண்டபத்தில் உட்கார்ந்து விரல் மரத்துப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஈப்போவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்தக் கிளையை மூடியதும் குனோங் ராபாட்டில் வீட்டோடு கிடந்தேன். எங்கள் சர்ச்சுக்கு வரும் ஒருவர் இந்த வேலையைச் சொன்னார். கண் தெரியாத ஒரு பெண் தபால் வழியாகச் சட்டம் படிக்கிறாள், பரீட்சையில் அவள் சொல்வதை எழுத ஆள் வேண்டும் என்றார். வேகமாக எழுத வேண்டும், சட்டம் படித்தவராக இருக்கக்கூடாது, இரண்டே நிபந்தனைகள். சட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் போலீஸ் சம்மன் வந்தால் அபராதம் கட்ட வேண்டும் என்பதுதான்.

அவள் பெயர் தேவகி. ஆயர் தாவார் பக்கம் செம்பனை எஸ்டேட்டில் பிறந்தவள். பத்து வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. முப்பத்து மூன்று வயதில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். இருக்கிற வேலையோடு சட்டம் எதற்கு என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"பிரச்சனைன்னு போன் பண்ற எல்லாருக்கும் லைன் மாத்தி விடுறேங்க்கா. ஒரு நாளாவது நானே பதில் சொல்லணும்லா."

டாய்லெட்டுக்குப் போன குற்றவாளி

முதல் வருஷம், குற்றவியல் சட்டம். எங்களுக்குத் தனி அறை. தேவகி, நான், மேற்பார்வைக்குப் புவான் ரோஸ்னா என்ற மலாய்க்கார அம்மா. நான் கேள்வியை வாசிக்க வேண்டும். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, முற்றுப்புள்ளி வரை அப்படியே எழுத வேண்டும். புதுச் சொல் வந்தால் அவள் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது விதி. பதற்றத்தில் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொலை செய்தவனுக்குக் குற்ற மனம் இருந்ததா என்பதுதான் கேள்வி. குற்ற மனத்துக்குச் சட்டத்தில் 'மென்ஸ் ரியா' என்று ஒரு லத்தீன் பெயர் இருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? பக்கம் பக்கமாக 'மென்ஸ் ஏரியா' என்று எழுதி வைத்திருந்தேன். கடைசியில் திருப்பி வாசித்துக் காட்டும்போதுதான் அவள் காதில் விழுந்தது. ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினோம். கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. எனக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு.

"அக்கா, கொலை பண்ணவனை ஜெயிலுக்கு அனுப்பச் சொன்னா, ஆம்பளைங்க டாய்லெட்டுக்கு அனுப்பிட்டீங்க."

போதாத பாஸ்

அந்த வருஷம் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. எல்லாம் சி. வேலையும் பார்த்துக்கொண்டு, கண்ணும் தெரியாமல் ஒருத்தி சட்டத்தில் தேறுவது சாதாரணமா? கேக் வாங்கிக்கொண்டு அவள் வாடகை அறைக்குப் போனேன். அதை அவள் தொடவே இல்லை.

படிப்பு முடிந்ததும் ஒரு வக்கீல் ஆபீஸில் ஒன்பது மாதம் பயிற்சி எடுத்தால்தான் வக்கீலாக முடியும். அதை விசாரித்து ஈப்போவில் நாலைந்து ஆபீஸ்களுக்குப் போன் போட்டிருக்கிறாள். முதலில் நன்றாகப் பேசியவர்கள், கண் தெரியாது என்றதும் குரலை மாற்றிவிட்டார்களாம். நாள் முழுக்கக் குரல் கேட்டே பிழைப்பவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"பாஸு கண்ணு தெரிஞ்சவங்களுக்குப் போதும்க்கா. எனக்கு ஏ வேணும்."

லோரி வாங்கியவன்

தேர்ச்சிக்கும் ஏ-வுக்கும் நடுவில் என்ன குறைகிறது என்று விரிவுரையாளருக்கு எழுதிக் கேட்டாள். ஒரு வரியில் பதில் வந்தது: உங்களுக்குச் சட்டம் தெரிகிறது, ஆனால் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. எழுத்தை வாசித்துக் காட்டும் தன் போனில் அதை மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டாள். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்குள் கிராப் டாக்சி பிடித்து என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். மணி சொல்லும் கடிகாரம் ஒன்று, பழைய கேள்வித்தாள்கள், நான். ஒரு கேள்விக்கு நாற்பது நிமிடம்; நாற்பது முடிந்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்தியாக வேண்டும்.

முதல் ஞாயிறு எழுதியது ஒப்பந்தச் சட்டம். இன்ஜின் நல்லாயிருக்கு என்ற பேச்சை நம்பி ஒருவன் பழைய லோரி வாங்குகிறான். மறுநாளே அது நின்றுவிடுகிறது. அவன் என்ன செய்யலாம்? தேவகி மூச்சு விடாமல் சொன்னாள், நானும் எழுதினேன். திருப்பி வாசிக்கும்போது இரண்டாம் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, லோரி வாங்கியவன் எங்கே என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். ஒப்பந்தம் என்றால் என்ன, அது எத்தனை வகை என்றே போய்க்கொண்டிருந்தது. அவன் ஐந்தாம் பக்கத்தில், ஒரே ஒரு வரியில் இருந்தான். கிழித்துப் போடச் சொன்னாள். நாலு மாதம் அப்படித்தான் கிழித்தோம். எனக்கே புரிகிற மாதிரி, யார் ஜெயிப்பார், ஏன், எதிராளி என்ன சொல்வார், அதற்கு என்ன பதில் என்று வரும்வரை அவள் விடவில்லை.

"பாவம்க்கா, அந்த ஆளு. நாலு பக்கமா கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிட்டேன்."

விரல் கணுக்கள்

இரண்டாம் வருஷப் பரீட்சை. நான் கேள்வித்தாளை இரண்டு முறை வாசித்து முடித்தேன். தேவகி வாயே திறக்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். புவான் ரோஸ்னா என்னிடம் ஜாடையில், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தாள். நாலு கேள்விக்கு நாலு விரல், ஒவ்வொரு விரலிலும் மூன்று கணு, கணுவுக்கு ஒரு வாதம். சொல்லி முடித்த கணுவை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள். எங்கும் தடுமாறவில்லை; சொன்ன எதையும் திரும்பச் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் எழுதுவது நான் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. பெரிய கட்டடம் ஒன்று கண் முன்னால் செங்கல் செங்கலாக எழும்புவதைப் பார்ப்பது போல் இருந்தது. நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது கடைசிக் கணுவை அழுத்தினாள். விடைத்தாளை வாங்கிக்கொண்ட புவான் ரோஸ்னா அதை உறையில் போட்டு ஒட்டினார். பிறகு மலாயில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"எத்தனையோ பேர் யோசிக்கிறதைப் பார்த்திருக்கேன். காதால கேட்டது இன்னிக்குத்தான்."

பேனா நின்றது

அந்த வருஷம் நாலில் மூன்று ஏ. அடுத்த வருஷம் நாலும் ஏ. கடைசி வருஷம் நிலச் சட்டத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கள்ளக் கையெழுத்தால் ஒரு நிலம் கைமாறுகிறது. அது தெரியாமல் ஒரு பெண் பிற்பாடு அதை நம்பி வாங்குகிறாள். நிலம் யாருக்கு? அந்தப் பெண்ணுக்குத்தான் என்று தேவகி ஐந்து பக்கம் அருமையாக வாதாடினாள். கடைசி வரியில், ஆகவே நிலம் பழைய சொந்தக்காரருக்கே என்றாள். வாய் தவறிவிட்டது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கே அது தெரிந்தது. ஒரு வார்த்தைகூட நான் பேசக்கூடாது, பேசவில்லை. ஆனால் என் பேனா நின்றுவிட்டது. இரண்டு விநாடிதான்.

அவள் தலை என் பக்கம் திரும்பியது. சொன்னதை எழுதுங்க என்றாள். எழுதினேன். கடைசியில் திருப்பி வாசித்தபோது அந்த வரியில் என் குரல் நடுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டேன். திருத்துவதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு, நேரமும் இருந்தது. அடுத்த பக்கம் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே மழை. கிராப் வரும்வரை கூரைக்கடியில் நின்றோம். ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன்.

"பேனா நின்னப்பவே தப்புன்னு தெரிஞ்சிருச்சுக்கா. அதுக்கப்புறம் திருத்தினா, அது நீங்க எழுதின பரீட்சை."

என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரே ஒரு காரணம்

இரண்டு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. முடிவு வந்தது: மூன்று ஏ, நிலச் சட்டத்தில் பி. மொத்தத்தில் முதல் வகுப்பு. இந்தத் தடவை கேக்கை அவளே வாங்கி வந்தாள்.

ஈப்போவில் ஒரு வக்கீல் அம்மா நேர்காணலுக்குக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், நிலச் சட்டத்தில் மட்டும் ஏன் பி என்று கேட்டார். நடந்ததைச் சொன்னால் அவள் மதிப்பு இன்னும் உயரும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தேவகி, ஒரு கேள்விக்கு முடிவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். அவ்வளவுதான். பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த நாற்காலியில உக்காந்தவங்க ஒரு பி-க்குப் பத்துக் காரணம் சொல்வாங்க. நீங்க ஒண்ணுதான் சொன்னீங்க. திங்கக்கிழமை வந்துருங்க."

நாலு வருஷம் சட்டப் பரீட்சை எழுதியும் ஒரு சான்றிதழிலும் என் பெயர் இல்லை. அந்த ஏ எல்லாம் தேவகியுடையதாகவே இருக்கட்டும், அந்த ஒரு பி மட்டும் என்னுடையது.