ஏறாத பிளேடு

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, சென்னைக்காரர் ஒருவர் தங்கும் அறைகள் கட்ட மேட்டு நிலம் ஒன்று வாங்கியிருந்தார். அதைச் சமப்படுத்தும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு என்றால், என் வீட்டுக்காரருக்கும் அவருடைய பழைய செயின் டோசருக்கும். டயருக்குப் பதில் இரும்புப் பட்டையில் நகர்ந்து, முன்னால் இருக்கும் பிளேடால் மண்ணைத் தள்ளும் வண்டி. ஒரு காண்டிராக்டரிடம் பல வருடம் அதை ஓட்டியவர் அவர். காண்டிராக்டர் கழித்துக்கட்ட நினைத்தபோது, கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த எங்கள் கடலைக் கொல்லையை விற்று அதை வாங்கினார். நான் தடுக்கவில்லை. வேறு எதற்கும் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் நாள் காலையில் வண்டி நன்றாகத்தான் தள்ளியது. வெயில் ஏறியதும் பிளேடு மெதுவாக எழ ஆரம்பித்தது. மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் இன்ஜினை அணைத்துவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார். லெவரை இழுத்தால் பிளேடு ஒரு சாண் எழுந்து நின்றுவிடுகிறது என்றார்.

மறுநாளிலிருந்து நானும் கூடப் போனேன். சீட்டில் உட்கார்ந்து லெவரை இழுக்க ஒருவர் வேண்டும், கீழே நின்று பார்க்க ஒருவர் வேண்டும். ஆயில் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. எங்கேயாவது காற்று இழுக்கிறதோ என்று குழாய்களின் கிளாம்புகளை இறுக்கினார். ஃபில்டரை மாற்றினார். ஒவ்வொன்றும் முடிந்ததும் “தூக்கு” என்பார். காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும் நேரத்தில் பிளேடு ஒழுங்காக எழும். அவர் முகம் தெளியும். சூடானதும் பழையபடி நின்றுவிடும். போகப் போக எனக்கு அந்தக் காலை நேரங்கள்தான் தாங்க முடியாமல் போயின.

கடைசியில் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் பம்பிலிருந்து வரும் குழாயில் பிரஷர் மீட்டரை மாட்டினார். பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வைத் திருகித் திருகிப் பார்த்தார். நான் லெவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. சிலிண்டர்களையும் சோதித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“சிலிண்டர் நல்லாத்தான் இருக்குதுணா. பம்புதான் உள்ள தேஞ்சி போச்சி. ஆயில் சூடாகி இளகுனா, உள்ளயே திரும்பிடுது.”

“வேற பம்பு கெடைக்குமா?”

“இந்த மாடலுக்கு இப்ப எதுவும் வர்றதில்லணா.”

என் வீட்டுக்காரர் அதோடு விடவில்லை. உடைப்புக்குப் போன இதே மாதிரி வண்டி ஒன்றின் பம்பு வேலூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினார். அன்று பௌர்ணமி. திரும்பும்போது ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் பம்பைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு நடந்தே வந்தார். சட்டையெல்லாம் ஆயில். ஆனால் வாசலில் நின்று சிரித்தார்.

அந்தப் பம்பு ஒரு நாள் முழுக்க வேலை செய்தது. வெயிலிலும் பிளேடு எழுந்தது. நானும் நம்பிவிட்டேன். அடுத்த நாள் மதியம் லெவரை இழுத்தபோது அதே ஒரு சாண். இந்த முறை அவர் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு, சீட்டில் ஏறி வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

நிலத்துக்காரர் அன்று சாயங்காலம் வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. மழைக்குள் அஸ்திவாரம் போட வேண்டும், அதனால் பொக்லைனுக்குச் சொல்லிவிட்டேன் என்றார். இவர் சரிங்க என்று மட்டும் சொன்னார். மறுநாள் பொக்லைன் வந்தபோது, எங்கெங்கே பாறை இருக்கிறது என்று அதன் டிரைவருக்கு இவரே காட்டிக்கொடுத்தார். எங்கள் வண்டியை டிரெய்லரில் ஏற்றவும் பிளேடு எழவில்லை. பொக்லைன்தான் அதைத் தூக்கிப் பிடித்தது. இவர் குனிந்து சங்கிலி போட்டுக் கட்டினார்.

சில மாதங்கள் வண்டி எங்கள் வீட்டுப் பக்கத்துப் புறம்போக்கில் நின்றது. அவர் ஒரு கல் குவாரியில் டிரைவராகச் சேர்ந்தார். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

“அத இன்னா பண்றதுங்க?”

“கேக்கிறவங்களுக்குக் குடுத்துடு. நான் இருக்கிறப்ப வேணாம்.”

பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்த அன்று அவர் வேலைக்குப் போய்விட்டார். நான்தான் நின்றேன். கேஸ் வைத்து அறுத்தார்கள். பிளேடை முதலில் தனியாக எடுத்து, நாலு பேர் சேர்ந்து புரட்டி லாரிப் பக்கம் கொண்டுபோனார்கள். வண்டி நின்ற இடத்தில் புல் கருகி, ஆயில் ஊறிக் கிடந்தது.

சாயங்காலம் அவர் வந்து, அந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஏத்திட்டாங்களா?”

“ஏத்திட்டாங்க.”

கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். குழம்பு உப்பாக இருந்தது. அவர் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.