பத்து நிமிஷ டிராக்டர்

எங்கள் டிராக்டரை யாராவது காயலான் கடைச் சரக்கு என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தது. பேட்டரி கிடையாது, ஹாரன் கிடையாது. முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். அம்மாவின் கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா ஒன்றரை ஏக்கர் நிலத்தையும் இந்த வண்டியையும் அவள் பேருக்கே எழுதிக் கொடுத்திருந்தார். நான் நாலாவது படிக்கும்போது அந்த நிலத்துக்கு மூன்று பக்கமும் கம்பெனி காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. பாக்கி இருந்த ஒரு பக்கத்தில்தான் ஒரகடம் ரோட்டுக்குப் போகும் மண்பாதை.

அப்புறம் நிலத்தையும் கேட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அம்மா மட்டும், இது விளைகிற நிலம், தரமுடியாது என்று சர்க்காருக்கு மனு எழுதிக் கொடுத்தாள். அதில் ஒரு சின்னச் சங்கடம். அந்த வருஷம் நிலம் விளையவில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து அம்மா ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் ஒரு பட்டம் விதை போடாமல் போய், இடுப்பளவு புல் மண்டிக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பார்த்துவிட்டுத் தரிசு என்று எழுதினால் மனு குப்பைக்குப் போகும், நிலம் கம்பெனிக்குப் போகும்.

அன்றைக்குக் காலை ஆறரைக்கே அம்மா நைட்டிமேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினாள். நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து மட்கார்டில் உட்கார்ந்துகொண்டேன். ஹேண்டில் சுற்ற எங்கள் மாடியறையில் வாடகைக்கு இருந்த சங்கரன்கோவில் அண்ணன் வந்தார். அவருக்கு கார் கம்பெனியில் இன்ஜின் பிரிவில் வேலை. அதனால் எங்கள் தெருவில் அவரைப் பெரிய மெக்கானிக் என்று நினைத்திருந்தோம்.

வண்டி பத்து நிமிஷம் ஜோராக உழுதது. பிறகு இருமியது, மூச்சு வாங்கியது, நின்றுவிட்டது. டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டது என்றாள் அம்மா. டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு டீசல் அளவு பார்த்தாள். ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை பம்பை அமுக்கினாள். அண்ணன் ஹேண்டில் சுற்றினார். வண்டி கிளம்பியது. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் நின்றது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினாள். பைப்பை வாயால் ஊதினாள். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து டீசல் அளவு பார்த்துவிட்டு எது செய்தாலும் கிளம்பும், பத்து நிமிஷத்தில் நிற்கும்.

"தம்பி, நீ இன்ஜின் கம்பெனியிலதான கீற? இன்னான்னு பாரேன்" என்றாள் அம்மா.

அண்ணன் நெளிந்தார். "எக்கா, நான் நாலு போல்டு முடுக்குதேன், அவ்வளவுதான். அஞ்சாவது போல்டு அடுத்த ஆளு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா."

எட்டு மணிக்கு அப்பா வந்தார். அவர் பக்கத்துக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நைட் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக வயலுக்கு வந்து வரப்பில் நின்றார். எங்கள் நிலத்தைக் கேட்டதும் அதே கம்பெனிதான். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்டிராக்டர், உன் சம்சாரம் கையெழுத்துப் போட்டால் உனக்கு பர்மனென்ட், இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள் என்று சொல்லிவிட்டதாக ஒரு மாதமாக வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் புலம்பலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"வுட்ரும்மே. வண்டியே வேணாங்குது. நீ இன்னாத்துக்கு மல்லுக்கட்டினுகீற?" என்றார்.

"வண்டிகிட்ட நான் கேட்டுக்கறேன். நீ போய்த் தூங்கு" என்றாள் அம்மா. அப்பா தூங்கவும் போகவில்லை, உதவிக்கும் வரவில்லை. அங்கேயே நின்றார். எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஒன்பதரைக்கு வண்டி ஆறாவது தடவையாக நின்றது. பாதி நிலம்கூட முடியவில்லை. அம்மா ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தபோது, அளவு பார்க்கலாம் என்று நானே டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அதற்குள் பொறுமையிழந்த அண்ணன் ஹேண்டிலைச் சுற்றிவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது. அம்மா பம்பைத் தொடவே இல்லை, ஃபில்டரைத் தொடவே இல்லை.

அம்மா என் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூடியின் நடுவில் காற்றுப் போக ஓர் ஊசித்துளை உண்டு. அதன்மேல் மெழுகு வழிந்து கெட்டியாக உறைந்திருந்தது. டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வழியில்லை. வண்டி எப்படி ஓடும்?

போன வாரம் மாதா திருவிழாவில் சப்பரத்தை இழுத்தது எங்கள் டிராக்டர்தான். ஊரே அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றி வைத்தது. மட்கார்டில் இடமில்லாமல் நான் டேங்க் மூடிமேல் ஒட்டவைத்தேன்.

"யார் பார்த்த வேலைடி இது?"

"நாந்தான். நிலம் நமக்கே இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிகினு வெச்சேன். தப்பா?" என்று நான் எகிறினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், வரப்பில் நின்ற அப்பாவைப் பார்த்து, "கேட்டியா? இவளுக்குக் கீற ரோஷம் ஒனக்குக் கீதா?" என்றாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, மெழுகைக் குத்தி எடுத்து, வாயால் ஊதி மூடியைப் போட்டாள். என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஓட்டினாள். அதற்குப் பிறகு வண்டி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தபோது நிலத்தில் முக்கால்வாசி புரண்டு கிடந்தது. பின்னாலேயே பைக்கில் காண்டிராக்டரும் வந்தார். அம்மா வண்டியை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவர்கள் காத்திருக்கட்டும் என்பதுபோல் அடுத்த உழவுச் சாலைப் பிடித்துப் போனாள்.

"இன்னிக்குக் காலையில ஓட்டினது சார், மண்ணைப் பார்த்தாலே தெரியும்" என்றார் காண்டிராக்டர். "சும்மா கெடந்த எடம். வேணும்னா இந்தம்மா வூட்டுக்காரரையே கேளுங்க. நம்ம ஆளுதான்."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "சொல்லுங்க, இது தரிசா?"

அப்பா யூனிஃபார்ம் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. காண்டிராக்டர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். டிராக்டர் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா சரி என்பதுபோல் அவருக்குத் தலையாட்டினார். போச்சு என்று நினைத்தேன்.

"பயிர் வெக்கிற நிலம் சார்" என்றார் அப்பா. "என் சம்சாரம்தான் பயிர் வெக்கிறா. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லாம ஒரு பட்டம் வுட்டுப்போச்சு. அப்டியே எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அந்த ஒன்றரை ஏக்கர் இன்றைக்கும் எங்களுடையது. அன்றைக்கு எனக்கு இருந்த கோபமெல்லாம், ஒரு வரி பதிலைச் சொல்ல இந்த மனுஷன் இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறாரே என்பதுதான். மூடியைத் திறந்தது நான், உழுதது அம்மா. அப்பா என்ன பெரிதாகச் செய்துவிட்டார்?

மறுநாள் காலை நான் எழுந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். எனக்குத் தலை சீவிவிட்டு, கைபிடித்துப் பள்ளிக்கூடம்வரை கூட்டிவந்து விட்டார். அதற்கு முன்னால் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. வாசலில் நின்ற டீச்சரிடம், எங்கப்பாவுக்குக் கம்பெனியில லீவு குடுத்துட்டாங்க மிஸ் என்று பெருமையாகச் சொன்னேன். எத்தனை நாள் லீவு என்று அவர் கேட்டார். அப்பா கீழே குனிந்து என் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நெறைய நாள் மிஸ்" என்றேன்.