சாப்பாட்டு நேரத்தில் கேட்டது

நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது காதில் விழுந்த விஷயம் யாருக்குச் சொந்தம்? சாரம் பகுதியைச் சேர்ந்த அகஸ்டினாவுக்கு அந்தக் கேள்வி உழவர்கரையில் ஒரு சோப்புக் கம்பெனியில் வந்து சேர்ந்தது.

சோப்புக்கு உறை சுற்றி ஒட்டும் மெஷினில் அவளுக்கு வேலை. சேர்ந்து பல வருஷமாகியும் கான்ட்ராக்ட்தான். காலையில் ஓட்டத் தொடங்கும்போது மெஷின் சூட்டில் உறைகள் கருகும் என்பதால் முதல் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டிக்கொள்ள நிர்வாகம் விட்டிருந்தது. சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கருகாது என்பதைக் கூட வேலை பார்க்கும் கார்குழலி கண்டுபிடித்து, சோற்றைப் பிசைந்தபடியே மற்றவர்களுக்குச் சொல்லியிருந்தாள். நிர்வாகத்தில் யாருக்கும் தெரியாததால் மெதுவாக ஓட்டுவது தொடர்ந்தது. அந்த அரை மணிதான் பெண்கள் மூச்சு விடும் நேரம்.

பிறகு கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வைத்தது. அவரவருக்குத் தெரிந்த நுணுக்கத்தை அதில் பதிய வேண்டும். மற்றவர்கள் ஒப்புக்கு எதையோ பதிந்தார்கள். அகஸ்டினா மட்டும் சூட்டு விஷயத்தைப் போட்டாள். வெகுளித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பர்மனன்ட் ஆக உதவும் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. மானேஜர் நெடுமாறன் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அடுத்த வாரமே அந்த அரை மணி போயிற்று.

"கம்ப்யூட்டரம்மா வர்றாங்க, வாய மூடுங்கடி. இருமினாகூட ஏத்திடுவாங்க" என்றாள் கார்குழலி. சிரித்தார்கள். அதன்பின் அகஸ்டினா வந்தாலே பேச்சு நின்றது.

புது மெஷின் வந்தது. அதில் பசை எங்கே அடைக்கும், எப்படி எடுப்பது என்பது இரண்டு மூன்று சாப்பாட்டு வேளைகளில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது, அகஸ்டினாவைத் தவிர. கம்ப்யூட்டரிலும் இல்லை. ஒருநாள் பசை அடைத்து, அன்றைய சரக்கு முழுக்க அவள் கையில் பாழானது.

நெடுமாறன் கூப்பிட்டார். அவளுடைய பர்மனன்ட் ஆர்டர் மேஜைமேல் இருந்தது.

"தெரிஞ்சே உன்கிட்ட மறைச்சிருக்காங்க. யாருன்னு சொல்லும்மா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"யாருக்கும் தெரியாது சார். நான்தான் கவனிக்கல."

ஆர்டர் இழுப்பறைக்குள் போயிற்று. கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டது.

மதியம் கார்குழலி நகர்ந்து இடம் விட்டாள். "வாடி, வஞ்சிரம் வறுத்தாந்திருக்கேன். ஆறிப்போவுது." குரலில் கூச்சம் இருந்தது.

அகஸ்டினா டப்பாவோடு அவர்களைக் கடந்து போய், பேச்சு காதில் விழாத தூரத்தில், குழாயடியில் நின்று சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே.

"இன்னும் கோவமாடி?"

"இல்லக்கா" என்றாள். இன்றைக்கும் நின்றுதான் சாப்பிடுகிறாள்.