தூசிக்கு நடுவே ஒரு கோடு

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நாற்காலிதான். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் இது எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாமலே போயிருக்கலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் என் மகள் பவித்ரா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே மயங்கி விழுந்தாள். அவளுடைய தோழி போன் செய்ததும் நானும் மனைவியும் ரயில் ஏறி வந்து சேர்ந்தோம்.

நர்ஸிடம், "மகளுக்கு என்ன?" என்று கேட்டேன். "அவர் சம்மதித்தால் டாக்டர் சொல்வார்" என்றார். "நான் அவளுடைய அப்பா" என்றேன். "தெரியும்" என்று புன்னகைத்து, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துத் தாகம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். பவித்ராவுக்கு இருபத்தாறு வயது. சட்டப்படி அவள் உடம்பு அவளுடையது. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, சரியாயிரும்" என்கிறாள். சம்மதம் மட்டும் தரவில்லை.

என் அப்பா தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் ஊர் இண்டூரிலிருந்து வேன் நிறைய ஆள் வந்தது. டாக்டர், அப்பாவைத் தவிர எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரின் மச்சானுக்குக்கூட அப்பாவின் ஈரல் நிலைமை தெரியும். அன்றைக்கு எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. இன்றைக்கு அப்படி ஒரு மச்சான் கிடைக்கமாட்டானா என்று இருக்கிறது.

பவித்ரா ஆராய்வது நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள தூசி வளையங்களை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள். நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிலும் மங்கலான வளையம்.

"நட்சத்திரம் எங்க கண்ணு?"

"அத மறைச்சிட்டோம்பா. அந்த வெளிச்சத்துல பக்கத்துல இருக்கறது எதுவுமே தெரியாது."

வளையத்துக்குள் தூசியே இல்லாத மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கோள் அந்த வழியே சுற்றிச் சுற்றித் தூசியை ஒதுக்கியிருக்கலாம் என்றாள். எனக்கு உடனே புரிந்தது. இண்டூரில் கொள்ளுச் செடியை அறுத்துத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் மணி உதிரும். நாம் வந்து பார்க்கும்போது பஸ் இருக்காது, சக்கரம் போன தடம் இருக்கும். இதைச் சொன்னதும் பவித்ரா கைதட்டினாள். "அதேதான்பா!"

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். "சரி, அந்தக் கோளப் பாத்துட்டியா?" என்றேன்.

"இன்னும் இல்ல. பாக்காமலேகூடப் போகலாம்."

"பாக்காத ஒண்ணுக்கா நாலு வருஷ ஆராய்ச்சி?"

வீடியோ காலில் இருந்த என் அக்கா வேறு இண்டூரிலிருந்து சேர்ந்துகொண்டாள். "தூசி பாக்கவா அவ்ளோ படிப்பு? எங்க வூட்டுப் பரணுக்கு வரச்சொல்லுடா, வேணுங்கற மட்டும் பாக்கட்டும்." எல்லோரும் சிரித்தோம். பவித்ரா லேப்டாப்பை மூடினாள். அவள் சிரித்தாளா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இப்போது நான் செய்வதும் அவள் வேலைதான். அவளைச் சுற்றிக் கிடப்பதைப் பார்க்கிறேன். திறக்காத தயிர் டப்பா. மணிக்கட்டில் தளர்ந்து தொங்கும் வாட்ச். பொங்கலுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு போட்டோகூட அனுப்பாத இரண்டு மாதம். ஏதோ ஒன்று அந்த வழியாகப் போயிருக்கிறது. என்னவென்று தெரியவில்லை.

இதற்கு நடுவில் என் பங்குக்கு நானும் ஒன்று செய்திருக்கிறேன். தினமும் பார்வை நேரம் முடிந்ததும் எழுந்து, பேசாமல் வெளியே வந்துவிடுவேன். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் "போயிட்டு வரேன்" என்று சொல்லமாட்டோம். சொன்னால் மறுபடியும் அங்கே வரவேண்டியிருக்கும் என்று பயம். என் மனைவியாவது அவள் தலையைத் தடவிவிட்டு வருவாள். நேற்று அவளிடம் பவித்ரா கேட்டிருக்கிறாள்: "அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா? ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிடறாரு." இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? நான் சொல்லித்தரவே இல்லையே. அவளைக் காப்பதாக நினைத்துச் செய்தது ஒவ்வொரு நாளும் அவளைக் குத்தியிருக்கிறது.

இன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "இவ்வளவுதானா? சொல்லிட்டே போங்கப்பா. சொல்லாமப் போனாத்தான் பயமா இருக்குது" என்றாள். உடம்பைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. நேரம் முடிந்ததும் கதவருகே போய் நின்றேன். தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில், பேக்கரியில் ரொட்டி வாங்கிவிட்டுக் கிளம்பும்போது ஜெர்மனில் சொல்வதுபோல, "ச்சூஸ்" என்றேன். அவளும் "ச்சூஸ்ப்பா" என்றாள்.

டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது அக்கா போன் செய்தாள். "என்னன்னு சொன்னாங்களாடா?"

"இல்லக்கா."

"பெத்தவனுக்கே சொல்லாத அது என்ன ஊருடா?"

போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்தேன். எதிரே மூன்றாவது மாடியில் பவித்ராவின் ஜன்னல். சாய்ந்த வெயிலில் கண் கூசியது. கையை உயர்த்திச் சூரியனை மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் தெரிந்தது, அவள் தெரியவில்லை. டிராம் வந்தது, போனது. ஜெர்மன் மொழியில் விடைபெற்றுவிட்டேன். தமிழில் இன்னும் அந்தக் கதவருகேதான் நிற்கிறேன்.